புலனாய்வுச் செய்தியாளர் ஆவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2001ஆம் ஆண்டு. அமெரிக்காவின் 'பாஸ்டன் குளோப்' நாளிதழில் 'ஸ்பாட்லைட்' என்ற புலனாய்வுக் குழு, கத்தோலிக்க மறைமாவட்டம் ஆண்டுதோறும் அச்சிட்டுவந்த விவரப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. எந்தப் பாதிரியார் எந்தத் தேவாலயப் பங்கில் பணியாற்றுகிறார் என்ற சாதாரண விவரம்தான் அவற்றில் இருக்கும். ஆனால் சிலருடைய பெயருக்கு எதிரே உடல்நல விடுப்பு என்றும், பணி ஒதுக்கப்படவில்லை என்றும் போட்டிருந்தது. குழந்தைகளிடம் அத்துமீறியதாக ஏற்கெனவே வெளியே தெரிந்த பாதிரியார்களுக்கும் அதே குறிப்புகள்தான் இருந்தன. செய்தியாளர்கள் ஆண்டு ஆண்டாகப் புரட்டி, அப்படிக் குறிக்கப்பட்ட ஒவ்வொரு பெயரையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றினார்கள். 2002 ஜனவரியில் தொடர் வெளிவரத் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் பாஸ்டன் பேராயர் பதவி விலகினார்.

அந்தப் புத்தகங்கள் ரகசிய ஆவணங்கள் அல்ல, பொதுவில் இருந்தவை. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் பேசி, நீதிமன்றத்தில் மூடிவைத்த ஆவணங்களைத் திறக்கச் சொல்லி வழக்காடி, எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்ததுதான் அந்தக் குழு செய்த வேலை. புலனாய்வு இதழியலுக்கு வர ஆசைப்படும் இளைஞர்கள் பலர் மாறுவேடத்தையும் ரகசியக் கேமராவையும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு காகிதமோ, ஒரு சாட்சியோ, நீங்களே கண்ணால் கண்டதோ இருக்க வேண்டும். இந்தப் பழக்கம் கைவந்துவிட்டால் மற்றவற்றைக் கற்றுக்கொள்ளலாம். இது வராமல் மற்றவை எல்லாம் வந்தும் பயனில்லை.

எது புலனாய்வு?

போலீஸ் விசாரித்துக் கண்டுபிடித்ததை எழுதுவது குற்றச் செய்தி. யாரோ கொடுத்த ஆவணத்தை அப்படியே வெளியிடுவது கசிவு. இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் புலனாய்வு என்றால், யாரோ மறைத்த ஒன்றையோ, எல்லார் கண்ணெதிரிலும் சிதறிக் கிடந்து யாரும் சேர்த்துப் பார்க்காத ஒன்றையோ, செய்தியாளரே தன் கேள்வியோடு போய், முறையாகத் தேடி, நிரூபிப்பது. கசிந்த ஆவணத்திலிருந்து புலனாய்வு தொடங்கலாம். ரகசிய வெளிநாட்டு நிறுவனங்களைப் பற்றி 2016இல் வெளியான பனாமா ஆவணங்கள் அப்படித் தொடங்கியவைதான்: ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து வெளியேறிய 1.15 கோடி கோப்புகள், 2.6 டெராபைட். ஜெர்மனியின் 'சூட்டாய்ச்ச ஸைட்டுங்' நாளிதழுக்கு வந்த அந்தக் குவியலைச் சர்வதேசப் புலனாய்வுச் செய்தியாளர் கூட்டமைப்பு ஒருங்கிணைக்க, நூற்றுக்கணக்கான செய்தியாளர்கள் ஓராண்டு போலச் சரிபார்த்த பிறகே முதல் வரி அச்சேறியது.

படி 1: படிப்பும் பயிற்சியும்

இதழியல் பட்டம் இருந்தால் நல்லது. வேலைக்குள் நுழையும் கதவு கொஞ்சம் எளிதாகத் திறக்கும். அது இல்லாமல் வந்து சிறந்தவர்களும் நிறையப் பேர். பட்டத்தைவிட முக்கியமாக நான் நினைப்பது மூன்று பாடங்கள்.

முதலாவது கணக்கு. ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்தால், வண்ணப்படங்களைத் தாண்டி நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போகத் தெரிய வேண்டும். கணக்குக் குறிப்புகள், தணிக்கையாளரின் கருத்து, தொடர்புடைய தரப்பினரோடு நடந்த பரிவர்த்தனைகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். இயக்குநரின் மைத்துனர் நடத்தும் நிறுவனத்துக்குக் கடன் போயிருந்தால், அது பொடி எழுத்தில் அந்தக் குறிப்புகளில்தான் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது சட்டமும் நிர்வாகமும். ஒரு கோப்பு எந்த மேசையில் தொடங்கி எங்கே கையெழுத்தாகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் காகிதம் உண்டாகிறது என்று தெரிந்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும். இருக்கிறது என்றே தெரியாத ஆவணத்தை யாரும் கேட்டு வாங்க முடியாது.

மூன்றாவது தரவு. எக்செல்லில் வரிசைப்படுத்தவும், வடிகட்டவும், இரண்டு பட்டியல்களை ஒரு பொது எண்ணை வைத்து இணைக்கவும் தெரிந்தாலே பாதி வேலை நடக்கும். அதோடு, சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் உள்ள வேறுபாடு. 10 சதவீதம் 15 ஆனால் அது 5 சதவீதப் புள்ளி உயர்வு, 50 சதவீத உயர்வு. இதை மாற்றி எழுதிய ஒரே காரணத்தால் ஒரு நல்ல கட்டுரை நம்பகத்தன்மை இழப்பது உண்டு.

பள்ளியில் கற்றுத்தராத ஒன்றும் உண்டு: சலிப்பைத் தாங்குவது. அமெரிக்கச் செய்தியாளர் ஐடா டார்பெல் 1902 நவம்பரிலிருந்து ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற ஏகபோக எண்ணெய் நிறுவனத்தைப் பற்றித் தொடர் எழுதினார். நீதிமன்ற ஆவணங்கள், நாடாளுமன்ற விசாரணை வாக்குமூலங்கள், பழைய செய்தித்தாள்கள் என்று ஆண்டுக்கணக்கில் தோண்டியவர் அவர். 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைப் பிரிக்க உத்தரவிட்டது. அவர் காலத்தில் கணினியும் இல்லை, அமெரிக்காவில் தகவல் அறியும் சட்டமும் இல்லை.

படி 2: தினசரிச் செய்தியில் வேரூன்றுங்கள்

நேரடியாகப் புலனாய்வுப் பிரிவில் வேலை கிடைப்பது அரிது. அதில் குறையொன்றும் இல்லை. அன்றாடச் செய்தி உங்களுக்கு வேகத்தையும் ஆட்களையும் தரும். 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில் நடந்த ஒரு கட்டட ஊடுருவல் வழக்கின் விசாரணைக்கு 'வாஷிங்டன் போஸ்ட்'டில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பாப் உட்வர்டை அனுப்பினார்கள். பார்த்தால் சாதாரண வேலை. அங்கே குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் தாம் முன்பு சிஐஏவில் வேலை பார்த்ததாக நீதிபதியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்ததால் உட்வர்டுக்கு அது கேட்டது. அதிபர் நிக்சனின் பதவி விலகலில் முடிந்த வாட்டர்கேட் விவகாரம் அங்கிருந்து விரிந்தது.

ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சுகாதாரம், கல்வி, நிலம், சுரங்கம், உள்ளாட்சி, நீதிமன்றம், எதுவானாலும் சரி. அதன் வரவு செலவுத் திட்டம், கடந்த ஐந்தாறு ஆண்டுத் தணிக்கை அறிக்கைகள், டெண்டர் அறிவிப்புகள், தீர்ப்புகள் ஆகியவற்றை வாசித்து முடியுங்கள். தணிக்கை அறிக்கையின் ஒவ்வொரு பத்தியும் பாதி எழுதப்பட்ட புலனாய்வுக் கட்டுரை என்பேன். தணிக்கையாளர் தொகையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். அந்தத் தொகை யார் கைக்குப் போனது, அதனால் யாருக்கு எது கிடைக்காமல் போனது என்பதுதான் உங்கள் வேலை.

உயர் அதிகாரியோடு மட்டும் பழகாதீர்கள். கோப்பைத் தட்டச்சு செய்பவர், கிடங்குப் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற பொறியாளர், தொழிற்சங்கச் செயலாளர், டெண்டரில் தோற்ற ஒப்பந்ததாரர் எல்லாரும் உங்கள் தொலைபேசியில் இருக்க வேண்டும். செய்தி வேண்டாத நாளிலும் அவர்களிடம் பேசுங்கள்.

படி 3: சந்தேகத்தைச் சோதிக்கக்கூடிய வாக்கியமாக்குங்கள்

'அந்தத் துறையில் ஊழல் நடக்கிறது' என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'பள்ளிகளுக்கு வாங்கிய தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிகள் பொருத்தப்படாமலே பொருத்தியதாகப் பணம் கொடுக்கப்பட்டது.' இப்போது வாக்கியத்தை உடைக்கலாம். எத்தனை கருவி வாங்கினார்கள்? எந்தப் பள்ளிகளுக்கு? பொருத்தியதாகக் கையெழுத்திட்டது யார்? பணம் எந்தத் தேதியில் போனது? அந்தப் பள்ளிகளில் இன்று கருவி இருக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அதற்கான ஆவணத்தையும் ஆளையும் எழுதிவைத்தால், அதுவே வேலைத் திட்டம்.

அதே தாளில் இன்னொன்றையும் எழுதுங்கள்: எது தெரிய வந்தால் நான் இந்தச் சந்தேகத்தைக் கைவிடுவேன்? கருவிகள் கிடங்கில் பத்திரமாக இருந்து, பள்ளிக்கு மின் இணைப்பு வரக் காத்திருக்கலாம். அப்படியானால் உங்கள் கட்டுரை ஊழலைப் பற்றியது அல்ல, மின்வாரியத் தாமதத்தைப் பற்றியது. இதை ஏற்கத் தயாராக இல்லாதவர் புலனாய்வுச் செய்தியாளர் அல்ல, வழக்கறிஞர்.

எடிட்டரிடம் பேசும்போது இரண்டு எல்லைகளைச் சொல்லுங்கள். எல்லாம் கைகூடினால் கட்டுரை இவ்வளவு தூரம் போகும். எதுவும் கிடைக்காவிட்டாலும் குறைந்தது இதை எழுதலாம். அந்தக் குறைந்தபட்சமும் அச்சிடத்தக்கதாக இருந்தால்தான் எடிட்டர் உங்களுக்கு நேரம் ஒதுக்குவார்.

படி 4: ஆவணம்

ஆட்களைச் சந்திப்பதற்கு முன் ஆவணம் படியுங்கள். ஆவணத்தைப் படித்துவிட்டுப் போகிறவரிடம் ஆட்கள் பேசும் விதமே வேறு.

நிறுவனப் பதிவுகள், நிலப் பதிவுகள், நீதிமன்றக் கோப்புகள், வேட்பாளர்களின் சொத்து விவரம், இறக்குமதி ஏற்றுமதிப் பதிவு, நாடாளுமன்றக் கேள்வி பதில் என்று பொதுவில் கிடைப்பதே ஏராளம். கிடைக்காததைக் கேட்டு வாங்கச் சட்டம் இருக்கிறது. உலகில் முதன்முதலில் இப்படி ஒரு சட்டம் வந்தது 1766இல், ஸ்வீடனில். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் உண்டு. இந்தியாவில் 2005இலும் இலங்கையில் 2016இலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. மனு எழுதுவது தனிக் கலை. 'ஏன் தாமதம்?' என்று கேட்டால் பதில் வராது. 'இன்ன எண்ணுள்ள கோப்பின் குறிப்புத் தாள்கள், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை, நகல் தருக' என்று கேளுங்கள். பெரிய கேள்வியைத் தனித்தனி மனுக்களாகப் பிரித்து அனுப்பினால், ஒன்றை மறுத்தாலும் மற்றவை வந்து சேரும். மறுப்பு வந்தால் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள். மறுப்புக் கடிதமும் ஓர் ஆவணம்தான்.

ஒரு டெண்டர் கோப்பை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம். மூன்று நிறுவனங்கள் போட்டியிட்டதாகக் கோப்பு சொல்கிறது. மூன்று விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஒத்துப்போகிறதா? மூன்று கடிதங்களிலும் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப்பிழை இருக்கிறதா? விலைப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது நிறுவனத்தின் விலை முதல் நிறுவனத்தைவிடச் சரியாக 4 சதவீதம் கூடுதலா? வைப்புத்தொகைக்கான வங்கி வரைவோலைகளின் எண்கள் அடுத்தடுத்து வருகின்றனவா? மின்னணுக் கோப்பாகக் கிடைத்தால் அதன் பண்புகளைத் திறந்து, உருவாக்கியவர் பெயரையும் நேரத்தையும் பாருங்கள். மூன்றும் ஒரே கணினியில் சில நிமிட இடைவெளியில் உருவாகியிருக்கலாம். பிறகு நிறுவனப் பதிவேட்டுக்குப் போங்கள்: வென்ற நிறுவனம் எப்போது பதிவானது, இயக்குநர்கள் யார், அவர்கள் வேறு எந்தெந்த நிறுவனங்களில் இருக்கிறார்கள்?

இத்தனையும் பொருந்தினாலும் மோசடி நிரூபணம் ஆகிவிடாது. மூன்று பேருக்கும் ஒரே தட்டச்சு மையம் கடிதம் தயாரித்திருக்கலாம். எழுத்துப்பிழையும் கோப்புப் பண்பும் அதனால் விளங்கிவிடும். வரிக்கு வரி மாறாத விலை விகிதம் அதனால் விளங்காது. இப்படி ஒவ்வொரு தடயத்துக்கும் குற்றமற்ற விளக்கம் ஒன்றை நீங்களே தேடி, அது நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காமல் போகிறவை மட்டும் கட்டுரைக்கு வரும்.

படித்ததையெல்லாம் காலவரிசையில் ஏற்றுங்கள். தேதி, நடந்தது, சம்பந்தப்பட்டவர், ஆதாரம், பக்க எண், சரிபார்த்தாயிற்றா என்று ஆறு நெடுவரிசைகள் போதும். தனித்தனிக் கோப்புகளில் கண்ணுக்குத் தெரியாதது தேதி வரிசையில் தெரியும்: ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முந்தைய வாரம் நிலம் கைமாறியது, ஆய்வறிக்கை வந்த மறுநாள் அதிகாரி இடமாற்றப்பட்டார்.

படி 5: ஆட்கள்

வெளி வட்டத்திலிருந்து உள்ளே போங்கள். துறை நிபுணர், முன்னாள் ஊழியர், பாதிக்கப்பட்டவர், இப்போது உள்ளே இருப்பவர், கடைசியில் குற்றச்சாட்டுக்கு உள்ளாகிறவர். முன்னாள் ஊழியர்கள் எப்போதும் மதிப்புள்ளவர்கள். அவர்களுக்கு விஷயம் தெரியும், பயம் குறைவு. மனக்கசப்பும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். மனக்கசப்பு உள்ளவர் பொய்தான் சொல்வார் என்றில்லை, ஆனால் அவர் சொன்னதற்கு வேறொரு ஆதாரம் தேவை.

பேச்சு தொடங்குவதற்கு முன்பே நிபந்தனையைத் தெளிவாக்குங்கள். பெயரோடு வெளியிடலாமா? பெயரில்லாமல், பதவியை மட்டும் சொல்லலாமா? உங்கள் புரிதலுக்கு மட்டுமா? 'ஆஃப் த ரெக்கார்ட்' என்பதை ஆளுக்கு ஒரு பொருளில் சொல்வார்கள். அதனால் அந்தச் சொல்லை நம்பாமல், 'இதை எழுதலாமா, உங்கள் பெயர் வரலாமா?' என்று நேராகக் கேளுங்கள். ஒருமுறை கொடுத்த வாக்கைப் பிறகு மாற்றக் கூடாது.

பாதிக்கப்பட்டவர்களிடம் அவசரம் காட்டாதீர்கள். எந்தப் பகுதியை எழுதப்போகிறீர்கள், அதனால் அவர்களுக்கு என்ன நேரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டுரை வெளியாகும் நாளையும் அவர்களுக்குத் தெரிவியுங்கள். தன் வாழ்வின் மிக மோசமான நாளை ஊரே படிக்கப்போகிறது என்பது அவருக்குக் கடையில் செய்தித்தாளைப் பார்த்துத் தெரியக் கூடாது.

மாறுவேடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1887இல் அமெரிக்கச் செய்தியாளர் நெல்லி பிளை மனநலம் குன்றியவர்போல நடித்து நியூயார்க்கின் மனநலக் காப்பகத்துக்குள் பத்து நாள் இருந்து எழுதியது வரலாறு. அதே நாட்டில் 1992இல், ஒரு தொலைக்காட்சியின் செய்தியாளர்கள் பொய்யான விவரம் கொடுத்து 'ஃபுட் லயன்' என்ற சில்லறை விற்பனைச் சங்கிலியில் வேலைக்குச் சேர்ந்து ரகசியமாகப் படம் பிடித்தார்கள். நிறுவனம், செய்தி பொய் என்று அவதூறு வழக்குப் போடாமல், உள்ளே நுழைந்த முறைக்காக வழக்குப் போட்டது. ஜூரி பெருந்தொகை அபராதம் விதித்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை வெறும் 2 டாலராகக் குறைத்தது. ஆனால் இடையில் ஓடிய ஆண்டுகளும் வழக்குச் செலவும் போனதுதான். பொதுநலன் மிகப் பெரிதாக இருந்து, வேறு எந்த வழியும் இல்லாமல், எடிட்டரும் வழக்கறிஞரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் இந்த வழியை யோசியுங்கள். முதல் சில ஆண்டுகளில் வேண்டவே வேண்டாம்.

படி 6: படமும் வீடியோவும்

2018இல் ஒரு வீடியோ பரவியது. சீருடை அணிந்தவர்கள் இரண்டு பெண்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் அழைத்துப்போய்ச் சுட்டுக் கொல்கிறார்கள். கேமரூனில் நடந்தது என்று சொல்லப்பட்டது. அந்நாட்டு அரசு மறுத்தது. பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு வெளியிலுள்ள ஆய்வாளர்களோடு சேர்ந்து, வீடியோவின் பின்னணியில் தெரிந்த மலைமுகட்டின் கோட்டைச் செயற்கைக்கோள் படங்களோடு பொருத்தி, இடம் கேமரூனின் வடகோடிதான் என்று கண்டுபிடித்தது. அங்கிருந்த கட்டடங்கள் எப்போது கட்டப்பட்டன, எப்போது இடிக்கப்பட்டன என்பதைப் பழைய செயற்கைக்கோள் படங்களில் பார்த்துக் காலத்தைக் குறுக்கியது. நடந்துபோகிறவர்களின் நிழலை அளந்து, சூரியனின் கோணத்தைக் கணக்கிட்டு, 2015 மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட நாட்கள் என்று சொன்னது. 2020இல் நான்கு படைவீரர்களுக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதற்குப் பயன்பட்ட கருவிகளில் பெரும்பாலானவை யாருக்கும் கிடைப்பவை. கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பார்ப்பது, படத்தை வைத்துத் தேடுவது, நிழலைக் கணக்கிடுவது ஆகியவற்றை நீங்கள் எடுத்த சொந்தப் படங்களிலேயே பயிற்சி செய்து பார்க்கலாம். விடை உங்களுக்குத் தெரியும் என்பதால் பிழை உடனே தெரியும். பார்த்த இணையப் பக்கத்தை அன்றைக்கே சேமிக்கும் பழக்கமும் வேண்டும். வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் ஒரு பிரதி, உங்கள் வட்டில் ஒரு பிரதி. கேள்வி கேட்டு மின்னஞ்சல் போன மறுநாள் பக்கங்கள் காணாமல் போகும்.

படி 7: வரிக்கு வரி சரிபார்ப்பு

வாட்டர்கேட்டில் பெருமையாகப் பேசப்படாத ஒரு நாள் உண்டு. 1972 அக்டோபர் 25 அன்று 'வாஷிங்டன் போஸ்ட்'டில் வெளியான செய்தியில், அதிபரின் தலைமை அதிகாரி ரகசிய நிதியைக் கட்டுப்படுத்தினார் என்று அதிபரின் தேர்தல் பிரசாரக் குழுவின் முன்னாள் பொருளாளர் கிராண்ட் ஜூரி என்ற விசாரணைக் குழுவிடம் சாட்சியம் சொன்னதாக எழுதினார்கள். பொருளாளர் அப்படிச் சாட்சியம் சொல்லவில்லை. அங்கே அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. நிதியைப் பற்றிய அடிப்படைத் தகவல் சரி, அதை எங்கே சொன்னார் என்பது தவறு. வெள்ளை மாளிகைக்கு அந்த ஒரு தவறே போதுமானதாக இருந்தது. ஒட்டுமொத்தச் செய்தியையும் பொய் என்று சொல்ல முடிந்தது.

அதனால் எழுதி முடித்ததும் கட்டுரையை அச்சிட்டு, சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு பெயர், பதவி, தேதி, தொகை, வினைச்சொல் ஆகியவற்றுக்கும் மேலே ஆதாரத்தின் எண்ணை எழுதுங்கள். 'அமைச்சர் 2019இல் உத்தரவிட்டார்' என்ற மூன்று சொல்லில் நான்கு கேள்வி இருக்கிறது. அப்போது அவர் அமைச்சர்தானா? ஆண்டு சரியா? உத்தரவா, பரிந்துரையா, வாய்மொழியா? கையெழுத்து அவருடையதா, அவருக்காகச் செயலர் போட்டதா? எண் எழுத முடியாத சொல்லை அடித்துவிடுங்கள். அழகான வாக்கியம் போகும், போகட்டும்.

இரண்டு ஆதாரம் வேண்டும் என்பார்கள். அந்த இரண்டும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒரே அதிகாரி சொன்னதைக் கேட்ட இரண்டு பேர், இரண்டு ஆதாரம் ஆக மாட்டார்கள்.

2014 நவம்பரில் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை என்று ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. அடுத்த ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. அன்றிரவு அந்தப் பெண் உதவிக்கு அழைத்ததாகச் சொன்ன மூன்று நண்பர்களையும் செய்தியாளர் தேடிப் பேசவில்லை என்று கொலம்பியா இதழியல் கல்லூரியின் ஆய்வு சுட்டியது. அந்தத் தொலைபேசி அழைப்புகளைச் செய்யாததன் விலையை, உண்மையாகவே பாதிக்கப்பட்டு வெளியே சொல்லத் தயங்கும் பெண்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

படி 8: எதிர்த்தரப்பின் பதில்

குற்றம் சாட்டப்படுகிறவர் கட்டுரையைப் படித்துத்தான் தன் மீதான குற்றச்சாட்டைத் தெரிந்துகொண்டார் என்றால், அது வேலை அரைகுறை. நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு குற்றச்சாட்டையும், ஆண்டும் தொகையுமாக, எழுத்தில் அனுப்புங்கள். பதில் சொல்லப் போதிய அவகாசம் கொடுங்கள். வெள்ளி மாலை அனுப்பிச் சனி காலை கெடு வைக்காதீர்கள். சோர்ஸ், அதாவது உங்களுக்குத் தகவல் தந்தவர், யார் என்று ஊகிக்க இடம் தரும் விவரம் கேள்வியில் இருக்கக் கூடாது. பதில் வந்தால் அதன் சாரத்தை நியாயமாகச் சேருங்கள். சில நேரம் அந்தப் பதிலே கட்டுரையைத் திருத்தும். சில நேரம், நீங்கள் கேட்காத ஒன்றை அவர்களே மறுத்து, புதிய கதவைத் திறந்துவிடுவார்கள்.

படி 9: பாதுகாப்பு

முதலில் சோர்ஸின் பாதுகாப்பு. 2017இல் அமெரிக்காவில் ஒரு செய்தி நிறுவனம் தனக்கு வந்த ரகசிய ஆவணத்தை உண்மையானதா என்று சரிபார்க்க அரசுத் தரப்புக்கு அதன் நகலைக் காட்டியது. தாளில் மடிப்புத் தடம் தெரிந்ததால் அது அச்சிட்டு வெளியே எடுத்துச் செல்லப்பட்டது என்று விசாரணையாளர்கள் ஊகித்தார்கள். அச்சிட்டவர்கள் ஆறு பேர்தான். அதில் ஒருவர் அலுவலகக் கணினியிலிருந்து அந்தச் செய்தி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவர் சிறைக்குப் போனார். கிடைத்த ஆவணத்தை யாருக்கும் அப்படியே காட்டாதீர்கள், அப்படியே வெளியிடாதீர்கள். தேவையான வரிகளைப் புதிதாகத் தட்டச்சு செய்து பயன்படுத்துங்கள். கைபேசிப் படத்தில் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கும், நீக்கிவிட்டு அனுப்புங்கள். முக்கியப் பேச்சுகளுக்கு சிக்னல் போன்ற மறையாக்கச் செயலியையும், தானாக அழியும் செய்திகளையும் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு நேரில் சந்திப்பது.

அடுத்தது உங்கள் பாதுகாப்பு. மால்டாவின் புலனாய்வுச் செய்தியாளர் டாப்னே கருவானா கலீசியா 2017 அக்டோபர் 16 அன்று கார் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அப்போது அவர் மீது 40க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. நான்கு மாதத்தில் ஸ்லோவாக்கியாவில் செய்தியாளர் யான் குட்சியாக் தன் வருங்கால மனைவியோடு சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. தனியாக, யாரிடமும் சொல்லாமல், எல்லா ஆவணத்தையும் ஒரே மடிக்கணினியில் வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள் என்பதற்காக. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் தகவல் சொல்வீர்கள் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். கோப்புகளின் பிரதி நம்பகமான இன்னொருவரிடம் இருக்கட்டும். டாப்னே விட்டுச்சென்ற வேலையைப் பல நாட்டுச் செய்தியாளர்கள் சேர்ந்து தொடர்ந்தார்கள். அதை ஒருங்கிணைத்த 'ஃபர்பிடன் ஸ்டோரிஸ்' அமைப்பின் நோக்கமே அதுதான்: செய்தியாளரைக் கொல்வதால் செய்தி சாகாது என்று காட்டுவது.

வழக்கைப் பொறுத்தவரை, வெளியிடும் முன் வழக்கறிஞர் ஒருவர் படிக்க வேண்டும். சிறிய நிறுவனத்தில் அந்த வசதி இல்லை என்றால், இருக்கும் பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிடுவதைப் பற்றி யோசியுங்கள். மனநலமும் இதில் சேரும். கொடுமைகளின் விவரத்தை மாதக்கணக்கில் கேட்பவருக்குத் தூக்கம் கெடும். அது பலவீனம் அல்ல, மருத்துவரிடம் போங்கள்.

படி 10: வேலையும் வருமானமும்

தொடக்கத்தில் புலனாய்வு மட்டும் செய்து வாழ முடியாது. அன்றாட வேலையைச் செய்துகொண்டே, வாரத்தில் ஒதுக்கிய சில மணி நேரத்தில் ஒரு கோப்பை வளர்த்துச் செல்வதுதான் பெரும்பாலோர் வந்த வழி. முதல் கட்டுரை நாட்டையே உலுக்க வேண்டாம். ஒரு அலுவலகம், ஒரு ஒப்பந்தம், ஒரு வலுவான ஆவணம், முழுமையாக நிரூபித்த ஒரு கட்டுரை. அது உங்கள் சான்றிதழ். அப்படி மூன்று நான்கு இருந்தால் எடிட்டர்கள் தொலைபேசியை எடுப்பார்கள்.

ஃப்ரீலான்ஸராக ஒரு யோசனையை அனுப்பும்போது ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன கண்டுபிடித்திருக்கிறீர்கள், எந்த ஆவணம் கையில் இருக்கிறது, இன்னும் எது தேவை, யாருக்கு இது ஏன் முக்கியம், எவ்வளவு நாளும் செலவும் ஆகும் என்று சொல்லுங்கள். 'விசாரிக்க விரும்புகிறேன்' என்ற மடலும் 'இதைக் கண்டுபிடித்துவிட்டேன், இன்னும் இது பாக்கி' என்ற மடலும் ஒன்றல்ல. சோர்ஸின் பெயரை மடலில் எழுதாதீர்கள். பயணச் செலவு, வழக்கு வந்தால் யார் பொறுப்பு, கட்டுரை நின்றுபோனால் எவ்வளவு கொடுப்பார்கள் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

உதவி கிடைக்கும் இடங்களும் உண்டு. 2003இல் தொடங்கிய உலகப் புலனாய்வு இதழியல் வலையமைப்பு பயிற்சி, கருவிகள், நிதிநல்கை அறிவிப்புகளை இலவசமாகத் தொகுத்துத் தருகிறது. எல்லை தாண்டிய ஊழலை ஆராயும் ஓசிசிஆர்பி அமைப்பு, பல நாட்டு நிறுவனப் பதிவுகளையும் ஆவணங்களையும் தேடக்கூடிய 'அலெஃப்' என்ற தளத்தை நடத்துகிறது. பணம் மூன்று நாடு தாண்டிப் போகும் கதையை ஒரே ஆள் துரத்த முடியாது. மற்ற நாட்டில் ஒரு செய்தியாளரைக் கூட்டாளியாகத் தேடிக்கொள்ளுங்கள். கண்டுபிடிப்பைப் பகிர்வது பற்றியும் ஒரே நாளில் வெளியிடுவது பற்றியும் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

கட்டுரை வெளியான பிறகு

வெளியான அன்று தொலைபேசியை அணைக்காதீர்கள். 'நீங்கள் எழுதியது கொஞ்சம்தான்' என்று சொல்லும் ஆள் அன்றைக்குத்தான் அழைப்பார். பிழை இருந்தால் மறைக்காமல் உடனே திருத்தம் போடுங்கள். அரசு குழு அமைத்தால், குழு அறிக்கை தர வேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்துவைத்து, அன்று காலை முதல் ஆளாகக் கேளுங்கள். அறிக்கை வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். வந்து, மேசையில் கிடந்தால், அதன் நகலைக் கேட்டு மனுப் போடுங்கள்.